முதல் சண்டைக்கு முன்

பிவானியில் ஒரு பையன் குத்துச்சண்டை கற்கப் போகிறான் என்றால் அது செய்தியே அல்ல. ஹரியானாவின் இந்த ஊரிலிருந்து 2008இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கிற்குப் போன விஜேந்தர் சிங் வெண்கலத்தோடு திரும்பினார். அகில் குமாரும் ஜிதேந்தர் குமாரும் கால் இறுதி வரை போனார்கள். அப்புறம் பயிற்சிக் கூடங்களில் கூட்டத்துக்குக் கேட்பானேன்? சேர்வது சுலபம். சங்கடமான கேள்வி பிறகுதான் வருகிறது. முதல் போட்டிக்கு இவன் தயாரா?

பையனைக் கேட்டுப் பயனில்லை. தயார் என்றுதான் சொல்வான். விடியற்காலையில் ஓடுகிறான், ஸ்கிப்பிங் ஆடுகிறான், பஞ்சிங் பேக்கை வெளுத்து வாங்குகிறான். கண்ணாடி முன் நின்று காற்றில் விடும் குத்துகள் பார்க்க அழகாகவே இருக்கின்றன. ஆனால் பஞ்சிங் பேக் திருப்பி அடிப்பதில்லை.

அமெச்சூர் போட்டி என்பது 3 ரவுண்டு. ஒவ்வொன்றும் 3 நிமிடம், நடுவே 1 நிமிட ஓய்வு. மொத்தம் ஒன்பதே நிமிடம், இதில் என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும். புதிதாக ஏறுகிறவன் பதற்றத்தில் உடம்பை இறுக்கிக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, கைக்கு வந்தபடி குத்தித் தள்ளுகிறான். இரண்டாவது ரவுண்டில் கை கனக்க ஆரம்பிக்கிறது. முகவாயைக் காக்க வேண்டிய கை மார்புக்கு இறங்கிவிடுகிறது. விவரம் தெரிந்த பயிற்சியாளர் பையனின் குத்து எவ்வளவு பலமானது என்று பார்ப்பதில்லை. களைத்துப்போன பிறகு அவன் கை எங்கே இருக்கிறது என்று பார்க்கிறார்.

அதற்கு மேல் இன்னொரு சோதனை, மூக்கு. ஸ்பாரிங்கில் மூக்கின் மேல் ஒரு குத்து சரியாக விழுந்தால் கண்ணில் தானாகவே நீர் முட்டும். சிலர் கண்ணை மூடி முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். சிலர் வெறி பிடித்தாற்போல் பாய்கிறார்கள். சுற்றி நிற்பவர்கள் அதை வீரம் என்று நினைத்துக் கை தட்டுவார்கள். அதுவும் பயம்தான். மூன்றாவது ரகம் ஒன்று உண்டு. அடி வாங்கியதும் ஓரடி விலகி, எதிராளியைப் பார்த்து, ஒரு ஜாப் போட்டுவிட்டுத் தன் நிலைக்குத் திரும்புகிறவன். அவன் பெயரைக் கொடுக்கலாம். ஒருவன் இப்படி ஆக ஆறு மாதமும் ஆகலாம், இரண்டு வருடமும் ஆகலாம். தினமும் கூடவே பயிற்சி செய்யும் நண்பனிடம் இதைச் சாதித்தால் மட்டும் போதாது. அவனுடைய பழக்கமெல்லாம் இவனுக்கு மனப்பாடம். முன்பின் தெரியாத ஒருவனோடு, முடிந்தால் இடது கைக்காரனோடு மோத விட்டால்தான் சாயம் தெரியும்.

இங்கே பையனும் பயிற்சியாளரும் மட்டுமே முடிவெடுப்பதில்லை என்பது வேறு விஷயம். ரயில்வே, ராணுவம், போலீஸ் என்று விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கொடுக்கும் இடங்களுக்குப் பதக்கச் சான்றிதழ் வேண்டும். விஜேந்தருக்கு ஹரியானா போலீஸில் டி.எஸ்.பி. பதவி கிடைத்தது எந்த அப்பாவுக்குத்தான் தெரியாது? 'இந்த வருடமே இறக்கிவிடுங்கள்' என்று அவசரப்படுத்துகிறார்கள். எடை குறைந்த பிரிவில் ஜெயிப்பது சுலபம் என்று கணக்குப் போட்டு, வெயிலில் ஸ்வெட்டர் போட்டு ஓடவிட்டு, தண்ணீரை நிறுத்திவிடுகிறார்கள். காலையில் எடை மேடையில் பாஸாகிறவன், மாலையில் வற்றிய உடம்போடு ரிங்கில் ஏறுகிறான். இதற்குத் தலையாட்டும் பயிற்சியாளருக்கும் இந்தப் பாவத்தில் பங்கு உண்டு. மணிப்பூரில் மேரி கோமின் கதை நேர்மாறு. 2000இல் அவர் மாநிலப் பட்டம் வென்ற பிறகு, பத்திரிகையில் படத்தைப் பார்த்துத்தான் மகள் குத்துச்சண்டைக்காரி என்பதே அப்பாவுக்குத் தெரிந்தது. முகம் சிதைந்தால் கல்யாணம் எப்படி நடக்கும் என்று அவர் கவலைப்பட்டார். இன்று அதைச் சொல்லிச் சிரிக்கலாம். அடி எங்கே விழும் என்பதையாவது அந்த அப்பா யோசித்தார்.

மூக்கு உடைந்தால் ஒட்டிக்கொள்ளும். மூளை அப்படியல்ல. தலைக்கவசம் வெட்டுக் காயத்தைக் குறைக்கும். உள்ளே மூளை குலுங்குவதை அது நிறுத்தாது. 2013இல் பெரியவர் பிரிவு ஆண்களுக்கு அதையே எடுத்துவிட்டார்கள். போட்டியில் நாக் அவுட் ஆனவன் குறைந்தது ஒரு மாதமாவது ரிங்கில் ஏறக்கூடாது என்று விதி இருக்கிறது. பயிற்சிக் கூடத்தில் வாங்கிய அடிக்கு எந்தப் புத்தகத்திலும் பதிவு இல்லை. போட்டி நாளில் டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்து, கண்ணில் டார்ச் அடித்து, தலைவலி, வாந்தி ஏதாவது உண்டா என்று கேட்பார். இல்லை என்பான் பையன். உண்டு என்றால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடுமே.

அதனால் நல்ல பயிற்சியாளர்கள் அந்தக் கேள்வியைப் பத்து நாள் முன்னாலேயே, பையனிடம் அல்ல, அவன் அம்மாவிடமும் அறைத் தோழனிடமும் கேட்கிறார்கள். ராத்திரி தூங்குகிறானா? வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்கிறானா? நேற்றுச் சொன்னதை மறந்துவிடுகிறானா? ஒன்றுக்கு ஆமாம் என்று பதில் வந்தாலும் பெயரை அடித்துவிட்டு, பையனை டாக்டரிடம் அனுப்புகிறார்கள். அப்பா கூடத்துக்கு வந்து சத்தம் போடுவார். பையன் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசமாட்டான். போட்டி நாளன்று, நண்பனுக்காகத் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு ரிங் மூலையில் நிற்பான்.