சில்க் போர்டெல்லாம் எறங்கு!

பெங்களூருக்கு ராத்திரி பஸ்ஸில் போகிறவர்களுக்கு அந்தக் குரல் தெரிந்திருக்கும். விடியற்காலை ஐந்தேகால். ஓசூர் தாண்டி அப்போதுதான் கொஞ்சம் கண் அசந்திருப்போம். கிளீனர் பையன் பஸ்ஸின் பக்கவாட்டில் படபடவென்று தட்டி, "சில்க் போர்டெல்லாம் எறங்கு!" என்பான். பாதி பஸ் காலியாகும். தலை கலைந்து, தோளில் லாப்டாப் பை தொங்க, இருட்டில் செருப்பைத் தேடுகிற அத்தனை பேரும் நம்ம ஊர்ப் பிள்ளைகள்.

மத்திய பட்டு வாரியத்தின் தலைமை ஆபீஸ் அங்கே இருப்பதால் அந்தப் பெயர். பட்டை நினைத்துக்கொண்டு இறங்கினால் புகைதான் கிடைக்கும். ஊரின் மொத்த டிராபிக்கும் ஒன்றுகூடி மாநாடு நடத்தும் இடம் அது.

2023 ஜூலையில் அடியேனும் அப்படித்தான் இறங்கினேன். பி.காம். முடித்து, ஆடிட்டர் ஆபீஸ், சீட்டுக் கம்பெனி என்று பத்து வருஷம் கணக்குப் புரட்டியவனுக்கு, ஒரு இன்ஷூரன்ஸ் ஸ்டார்ட்-அப்பில் வேலை. கம்பெனிப் பெயர் வேண்டாம், விடுங்கள். நான் இருந்த 11 மாதத்தில் அவர்களே லோகோவை இரண்டு முறை மாற்றினார்கள்.

சில்க் போர்டிலிருந்து ஆட்டோவில் சற்று தூரம் போனால் எச்.எஸ்.ஆர். லேஅவுட். ஓசூர்-சர்ஜாபூர் ரோடு என்பதன் சுருக்கம். ஏழு செக்டார், ஒரு பக்கம் அகரா ஏரி, நடுவே 27-வது மெயின் ரோடு. கீழே தோசைக் கடை, மேல்மாடியில் கம்பெனி. பல கட்டடங்களுக்கு இதுதான் அமைப்பு. தோசைக் கடை அப்படியே இருக்கும். மேல்மாடி மட்டும் மாறிக்கொண்டே இருக்கும்.

எங்கள் மேல்மாடியில் என்னை 'கிளெய்ம்ஸ் எக்ஸிக்யூட்டிவ்' என்று சேர்த்தார்கள். மூன்றாம் மாதம் 'ஹாப்பினஸ் பார்ட்னர்' ஆனேன். எட்டாம் மாதம் 'கேர் அட்வகேட்'. போனில் அம்மாவுக்குக் கடைசி வார்த்தை மட்டும் கேட்டது. "நீ எப்படா லா படிச்சே?" என்றாள்.

மேனேஜர்கள் நான்கு பேர். ஒருவர் சாப்பாடு டெலிவரி கம்பெனியிலிருந்து வந்தவர். "பீட்சா அரைமணியில வருது, கிளெய்ம் ஏன் வராது?" என்று கேட்டார். பீட்சாவுக்கு டிஸ்சார்ஜ் சம்மரி தேவையில்லை சார் என்று சொல்ல நினைத்தேன். சம்பளத் தேதி நெருக்கத்தில் இருந்ததால் சொல்லவில்லை.

உண்மையில் நாங்கள் இன்ஷூரன்ஸ் கம்பெனியே கிடையாது. இந்தியாவில் இன்ஷூரன்ஸ் கம்பெனி ஆரம்பிக்கக் குறைந்தது 100 கோடி ரூபாய் மூலதனம் வேண்டும். புரோக்கருக்கு, 2018 விதிப்படி, 75 லட்சம் போதும். நாங்கள் இரண்டாவது ரகம். சின்னச் சின்ன ஆபீஸ்களுக்கு குரூப் மெடிக்ளெய்ம் பிடித்துக் கொடுப்போம். ஊழியர் வீட்டில் யாராவது ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் ஆஸ்பத்திரி, டி.பி.ஏ. எனும் பில் சரிபார்க்கும் நிறுவனம், இன்ஷூரன்ஸ் கம்பெனி மூன்றுக்கும் நடுவே போன் போட்டுப் பணத்தை வாங்கித் தருவோம்.

நல்லதையும் சொல்ல வேண்டும். என் அப்பாவின் பழைய மெடிக்ளெய்ம் பில்லுக்காக நான் எட்டு மாதம் நடந்திருக்கிறேன். இங்கே பக்கத்து சீட்டுப் பையன், சேலத்துக்காரன், இருபத்தாறு வயது, காதில் ஹெட்போன் மாட்டினால் எட்டு நிமிஷத்தில் விஷயத்தை முடிப்பான். அந்த வேகம் எனக்குப் பிடித்திருந்தது.

2024 மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. பழைய சாஃப்ட்வேரிலிருந்து புதியதற்கு மாறுகிற நாள். காலை பதினொன்றரைக்கு சேலத்துப் பையனைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார்கள். கால் மணி நேரத்தில் வெளியே வந்தான். முகத்தில் ஒன்றுமில்லை. உட்கார்ந்து லாப்டாப்பைத் திறந்தான். பாஸ்வேர்டு ஏற்கவில்லை. அன்றைக்கு எங்கள் மாடியில் மூன்றில் ஒரு பங்கு ஆட்களுக்கு அதேதான்.

தமிழ் பேசும் கிளெய்ம் ஆட்கள் நாங்கள் இரண்டு பேர். ஒருவர் போதும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். நான் தப்பித்தது திறமையால் அல்ல, அவனைவிட எனக்கு நாலாயிரம் ரூபாய் சம்பளம் குறைவு.

ரெண்டு மணிக்கு ஒரு போன். மதுரையிலிருந்து. "சார், அப்பாவுக்கு ஸ்டென்ட் வச்சு முடிஞ்சிருச்சு. காலைல பத்து மணிக்கே டிஸ்சார்ஜ் எழுதிட்டாங்க. வீல்சேர்லயே உட்கார வச்சிருக்கோம். அப்ரூவல் வரலைங்கறாங்க சார்."

புதிய சாஃப்ட்வேரில் தேடினேன். அப்படி ஒரு மனிதரே இல்லை. அது சேலத்துப் பையனின் கேஸ்.

கீழே ஓடினேன். டீக்கடை ஸ்டூலில், அட்டைப்பெட்டியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். நான் வாய் திறப்பதற்குள், "அண்ணா, மதுரை ஸ்டென்ட் கேஸ் ஒண்ணு பாக்கி. சுகர் எத்தனை வருஷமா இருக்குன்னு டி.பி.ஏ.ல கேள்வி கேட்டிருக்காங்க. டாக்டர் லெட்டர் வந்துருச்சு, பார்க்கறதுக்குத்தான் ஆள் இல்லை" என்றான். சட்டைப் பையிலிருந்து சொந்த போனை எடுத்தான். வேலை போன கம்பெனிக்காக, சொந்த ரீசார்ஜில், டீக்கடை வாசலில் நின்று இரண்டு மணி நேரம் பேசினான். அப்ரூவல் ஐந்து பத்துக்கு வந்தது.

(டிஸ்சார்ஜ் அப்ரூவலை மூன்று மணி நேரத்துக்குள் தர வேண்டும், தாமதத்தால் ஆஸ்பத்திரி கூடுதலாகப் பில் போட்டால் அது இன்ஷூரன்ஸ் கம்பெனியின் தலையில் என்று ஐ.ஆர்.டி.ஏ.ஐ. சுற்றறிக்கை விட்டது அதே மே மாதக் கடைசியில்தான்.)

டீயைக் கையில் வாங்கிய பிறகுதான் அவனுக்குத் தன் ஞாபகம் வந்தது. "அண்ணா, நம்ம ஆபீஸ் பாலிசில அம்மாவையும் சேர்த்திருந்தேன். அடுத்த மாசம் முட்டி ஆபரேஷன். அது எது வரைக்கும் செல்லும்?"

எனக்கு பதில் தெரியும். அவனுக்கும் தெரியும். தினமும் பத்து பேருக்கு நாங்களே சொல்லுகிற பதில்.

"இன்னிக்கு வரைக்கும்" என்றேன்.

குரூப் பாலிசியை விட்டுப் போகிறவர் அதே கம்பெனியின் தனிநபர் பாலிசிக்கு மாற விதிகளில் இடம் இருக்கிறது. கழித்த காத்திருப்புக் காலத்துக்கும் கணக்கு உண்டு. ஆனால் வேலையை விடும் முன்பே எழுதிக் கேட்பதுதான் உத்தமம். ஊருக்கெல்லாம் ஓதிய எங்கள் இருவருக்கும் அன்றைக்கு அது தோன்றவே இல்லை! பத்து நாள் கழித்து எழுதினான். 'முன்பே கேட்டிருக்க வேண்டும்' என்று பதில் வந்தது. ஆபரேஷன் ஐந்து மாதம் தள்ளிப்போய், கடன் வாங்கி நடந்தது.

இன்ஷூரன்ஸ் என்பது ஒரு வாக்கு. இன்று விற்று, என்றைக்கோ ஒருநாள் காப்பாற்ற வேண்டிய வாக்கு. அன்றைக்கு அதை ஞாபகம் வைத்திருக்க ஒரு ஆள் இருக்க வேண்டும். சாஃப்ட்வேர் மாறலாம், லோகோ மாறலாம். ஆளையும் வாராவாரம் மாற்றினால் மதுரையில் ஒருவர் வீல்சேரிலேயே உட்கார்ந்திருப்பார்.

ஜூனில் நானும் ராஜினாமா கொடுத்தேன். ஒரு வருஷம் முடித்தால்தான் முதல் பங்கு கைக்கு வரும் என்பது ஒப்பந்தம். ஒரு மாதம் பாக்கி. கோடீஸ்வரன் ஆகும் வாய்ப்பைக் கெடுத்துக்கொண்டதாக மேனேஜர் வருத்தப்பட்டார். அடுத்த மாதம் அவரும் அங்கே இல்லை.

போன மாதம் ஒரு வேலையாகப் போய் மறுபடி அங்கே இறங்கினேன். நான் இருந்த 11 மாதமும் கட்டிக்கொண்டே இருந்த இரண்டடுக்குப் பாலத்தை நான் கிளம்பிய மறுமாதம், 2024 ஜூலையில், திறந்துவிட்டார்கள். கீழே ரோடு, மேலே ரோடு, அதற்கும் மேலே 2025 ஆகஸ்டில் ஓட ஆரம்பித்த மஞ்சள் லைன் மெட்ரோ. பொம்மசந்திரா வரை 19 கிலோமீட்டர், 16 ஸ்டேஷன். அந்த ஊரில் ஏதாவது சட்டென்று நடக்க வேண்டுமானால் நான் கிளம்பினால் போதும் போலிருக்கிறது!

எங்கள் மாடியில் வேறு போர்டு. டீக்கடைக்காரர் தருமபுரி ஆள், என்னை மறக்கவில்லை. "மேல இப்ப ஏதோ ஏ.ஐ.யாம் சார். மொத்தமே ஒன்பது பேருதான். டீ வியாபாரம் டல்" என்றார்.

சேலத்துப் பையன் இப்போது ஓசூரில் ஒரு பாக்டரி அக்கவுண்ட்ஸில் இருக்கிறான். அம்மா நடக்கிறார்களாம். போனில், "ஆபீஸ் பாலிசி இருக்குதுண்ணா. இருந்தாலும் எனக்கும் அம்மாவுக்கும் தனியா ஒண்ணு எடுத்துட்டேன். 2025 செப்டம்பர் 22-லிருந்து தனி பாலிசிக்கு ஜி.எஸ்.டி.யும் கிடையாதே. நீங்க எடுத்துட்டீங்களா?" என்றான்.

அன்று சாயந்திரமே எடுத்தேன். நீங்களும் எடுத்துவிடுங்கள். ஆபீஸ் நம்மை எந்த ஸ்டாப்பில் இறக்கிவிடும் என்று கிளீனர் பையன் மாதிரி யாரும் தட்டிச் சொல்ல மாட்டார்கள்.

(நான் புரோக்கர் வேலையை விட்டாச்சு. சத்தியமாகக் கமிஷன் கிடையாது!)