எண் வந்த வழி

2010ஆம் ஆண்டில் இந்தியாவில் எத்தனை பேர் தற்கொலை செய்துகொண்டார்கள்? இதற்கு இரண்டு விடைகள் இருக்கின்றன. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் சுமார் 1,35,000 என்கிறது. விக்ரம் பட்டேலும் உடன் ஆய்வாளர்களும் 2012இல் லான்செட் இதழில் எழுதிய கட்டுரை சுமார் 1,87,000 என்கிறது. இரண்டுக்கும் நடுவே ஐம்பதாயிரம் உயிர்கள்.

மாவட்ட அளவில் மனநல நிலவர அறிக்கைகள் தயாரிப்பது என் தொழில். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் முதலில் இந்த இரண்டு எண்களைக் கொடுத்துவிடுவேன். “எது சார் சரி?” என்பார்கள். இரண்டும் எங்கே பிறந்தன என்று பார்த்துவிட்டு வாருங்கள் என்பேன்.

முதல் எண் காவல் நிலையத்தில் பிறந்தது. சந்தேக மரணம் என வழக்குப் பதிந்து, விசாரித்து, தற்கொலை என்று முடிவானவை மட்டுமே அந்தக் கணக்கில் ஏறும். தற்கொலை முயற்சியே தண்டனைக்குரிய குற்றமாக இருந்த நாட்டில், வீட்டில் நடந்ததைப் போலீஸிடம் யார் மனம் திறந்து சொல்வார்கள்? மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 வந்த பிறகுதான், முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருத வேண்டும் என்ற நிலை வந்தது.

இரண்டாவது எண் வீட்டுத் திண்ணையில் பிறந்தது. பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள் இறப்பு நேர்ந்த குடும்பத்தோடு உட்கார்ந்து, என்ன நடந்தது என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். அந்தக் குறிப்பை இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே படித்துக் காரணத்தை முடிவு செய்தார்கள். வழக்கு இல்லை, காக்கிச் சட்டை இல்லை. அதனால் வெளியே வந்த உண்மையும் கூடுதல்.

இதை நான் ஆழமாக உணர்ந்தது கணியம்பாடி ஆய்வுகளைப் படித்தபோது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் சமுதாய நலப் பணியாளர்கள் கணியம்பாடி ஒன்றியத்தில் ஒவ்வொரு பிறப்பையும் இறப்பையும் தொடர்ந்து பதிந்துவந்தார்கள். 1994 முதல் 1999 வரை அங்கே தற்கொலை வீதம் லட்சம் பேருக்குச் சுமார் 95. அதே ஆண்டுகளில் போலீஸ் கணக்கு காட்டிய தேசிய வீதம் பத்தை ஒட்டியே இருந்தது. 10 முதல் 19 வயதுப் பெண் பிள்ளைகளிடம் லட்சத்துக்கு 148 என்று அடுத்த ஆய்வு சொன்னது. அந்த எண்ணைப் படித்த அன்று வேறு வேலை ஓடவில்லை. ஊரை அறிந்த ஒருவர், ஊரால் அறியப்பட்ட ஒருவர், வாசலில் வந்து நின்று கேட்டால்தான் சில சாவுகள் கணக்குக்கே வருகின்றன.

2022ஆம் ஆண்டின் காப்பக அறிக்கையில் தமிழ்நாட்டின் வீதம் லட்சத்துக்கு 25.9, பீகாருடையது 0.6. பீகாரில் துயரம் இல்லை என்று இதற்குப் பொருள் சொல்லக் கூடாது. பதிவு அவ்வளவுதான் என்று சந்தேகிக்க வேண்டும். அதற்காகத் தமிழ்நாட்டின் எண்ணை ‘நாங்கள் ஒழுங்காகப் பதிகிறோம்’ என்று தள்ளிவிடவும் கூடாது. வீடு வீடாகக் கேட்ட அந்த லான்செட் ஆய்விலும் தென் மாநிலங்களே உயர்ந்து நின்றன. வேறு வேறு வழியில் வந்த இரண்டு கணக்குகள் ஒரே திசையைக் காட்டினால், அதை நம்பிச் செயலில் இறங்கலாம்.

அதே அறிக்கையின் காரணப் பட்டியலை இன்னும் கவனமாகக் கையாள்கிறேன். குடும்பப் பிரச்சினை 31.7 சதவீதம், நோய் 18.4 சதவீதம். ஒரு சாவுக்கு ஒரே கட்டம். கடன் இருந்தது, குடி இருந்தது, தூக்கமில்லாத மாதங்கள் இருந்தன; விசாரணை அதிகாரி அவற்றில் ஒன்றைத்தான் குறிக்க முடியும். அதனால் அந்தப் பட்டியலை, குடும்பமும் காவல் நிலையமும் எதைச் சொல்ல முடிந்தது என்பதற்கான சான்றாக மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

உயிரோடு இருப்பவர்களை எண்ணுவதும் இப்படித்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மனநோய் உள்ளவர்கள் சுமார் 7.2 லட்சம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015-16இல் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வோ வயதுவந்தோரில் 10.6 சதவீதம் என்றது. சிகிச்சை தேவைப்படுவோர் ஏறத்தாழ 15 கோடி. கணக்கெடுப்பாளர் வாசலில் நின்று, வீட்டில் மாற்றுத்திறனாளி யாரும் உண்டா என்று கேட்டார். நிம்ஹான்ஸ் குழுவோ ஒவ்வொருவரிடமும் வரையறுத்த கேள்வித்தாளோடு பேசியது. முன்னது ஊரறிந்த, மறைக்க முடியாத நோயைக் கண்டது. பின்னது வேலைக்குப் போய்க்கொண்டே உள்ளுக்குள் வாடுபவரையும் கண்டது.

‘ஏழு இந்தியரில் ஒருவருக்கு மனநலக் கோளாறு’ என்று மேடைகளில் கேட்கிறோமே, அது இன்னொரு வழி. 2017ஆம் ஆண்டுக்கு 19.7 கோடி என்ற அந்த மதிப்பீடு, கிடைத்த தரவுகளையெல்லாம் கணித மாதிரியில் இணைத்து வந்தது. அதில் குழந்தைகள் உண்டு, ஆட்டிசம் உண்டு, அறிவுசார் குறைபாடு உண்டு. மதுப் பழக்கம் தனிக் கணக்கு. நிம்ஹான்ஸின் 10.6க்குள் மது அடங்கும், குழந்தைகள் இல்லை. இரண்டையும் அடுத்தடுத்து எழுதி, ‘மனநோய் பெருகிவிட்டது’ என்று தலைப்புப் போடுவது பெரும் பிழை.

மாவட்டத்துக்கு இறங்கும்போது பொறுப்பு கூடுகிறது. பத்து லட்சம் வயதுவந்தோர் கிராமங்களில் வாழும் மாவட்டம் என்று வைத்துக்கொள்வோம். 10.6 சதவீதத்தால் பெருக்கினால் 1,06,000 பேர். அதே ஆய்வு கிராமங்களுக்குத் தரும் 6.9 சதவீதத்தால் பெருக்கினால் 69,000. மருந்துக் கொள்முதலுக்கும் பணியிடத்துக்கும் போகும் கோப்பில் இந்த 37,000 பேர் சின்ன வித்தியாசம் இல்லை. மாநில அளவுக்கு வடிவமைத்த ஆய்வு என் மாவட்டத்துக்கு நேரடியாகப் பேசாது என்பதையும் பக்கத்திலேயே எழுதிவைப்பேன்.

பிறகு புறநோயாளிகள் பதிவேட்டுக்குப் போவேன். மனநலப் பிரிவில் கூட்டம் கூடினால் அதிகாரிகள் பதறுகிறார்கள். மாத்திரை தட்டுப்பாடில்லாமல் கிடைத்தாலும், மருத்துவர் சொன்ன கிழமையில் தவறாமல் வந்தாலும் கூட்டம் கூடும். 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணுக்கு வரும் அழைப்புகளும் அப்படியே. அந்த உயர்வை நல்ல சேதியாகப் படிக்க, மருந்து இருப்புப் பதிவேட்டையும் கூடவே புரட்ட வேண்டும்.

ஒரு கட்டுப்பாட்டை மட்டும் எக்காரணத்துக்காகவும் தளர்த்த மாட்டேன். ஒரு ஊராட்சியில் ‘தற்கொலை முயற்சி: 1’ என்று அச்சிட்டால், அது யார் என்று அந்த ஊருக்கே தெரியும். அத்தகைய எண்களை ஒன்றிய அளவில் கூட்டித்தான் வெளியிடுவேன். தன் துயரத்தைச் சொன்னவர் நமக்குத் தரவு தந்தவர். அவரைக் காட்டிக்கொடுத்துக் கிடைக்கும் துல்லியம் யாருக்கும் வேண்டாம்.

இத்தனை எச்சரிக்கைக்குப் பிறகும் சில எண்களை உரக்கச் சொல்லத் தயங்குவதில்லை. நோய்க்கு நோய் மாறினாலும், தேவைப்படுவோரில் 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சை பெறவில்லை என்று தேசிய ஆய்வு சொல்கிறது. எந்தத் திருத்தம் போட்டாலும் இந்த இடைவெளி மூடாது. ஆகவே என் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் எண்களை நிறுத்திவிட்டு, எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் எந்த மாத்திரை இல்லை, எந்தக் கிழமை மருத்துவர் வர வேண்டும், யார் பொறுப்பு என்று எழுதுகிறேன். அடுத்த ஆண்டு அந்தப் பக்கத்தைத்தான் முதலில் சரிபார்க்கிறேன்.