கச்சான் காலத்துச் சட்டை

திருகோணமலையில் வைகாசி பிறந்தால் கச்சான் காற்றும் பிறந்துவிடும். தென்மேற்குப் பருவக்காற்றானது மலைநாட்டின் மேற்குப் பக்கத்தில் மழையைச் சொரிந்துவிட்டு, ஈரம் இழந்து, கிழக்குச் சரிவால் இறங்கும்போது சூடேறி, வறண்ட காற்றாக எம்மை வந்தடைகின்றது. தென்மேற்குக் கரையார் குடை பிடிக்கும் அதே மாதங்களில் துறைமுகக் கரையில் வாழும் நாம் விசிறி பிடிக்கின்றோம். இக்காலத்தில் உடலுக்கு வேண்டுவது பருத்தியினாலான, காற்று உட்புகக்கூடிய, பாரமற்ற உடை. கண் விட்டுப் பின்னிய நூற்சட்டை அத்தகையது. அதனைப் பற்றியும், அதனைப் பின்னும் கைகளுக்குரிய மதிப்பைப் பற்றியுமே இன்று வாசகருடன் சிறிது அளவளாவ விரும்புகின்றோம்.

இப்பின்னலை எம்மவர் குறோசே என்பர். பிரெஞ்சு மொழியிற் சிறு கொக்கி என்று பொருள்படும் சொல் அது. கருவி ஒன்று, நூல் ஒன்று, வேலையும் ஒன்றே. ஒரு கண்ணினூடே கொக்கியை நுழைத்து நூலை இழுத்தால் அடுத்த கண் பிறக்கும். அதனூடே மீண்டும் இழுத்தால் மற்றொன்று. காலி வெலிகமைப் பக்கத்துச் சிங்களப் பெண்கள் தலையணைமீது பல மரக்கட்டைகளை உருட்டிப் பின்னும் ‘பீரளு’ ரேந்தை இதனின் வேறானது. அதிலே பல நூல்கள் ஒன்றையொன்று குறுக்கிட்டு ஓடும். இதிலே ஒரே நூல் தன்னைத் தானே பற்றிக்கொண்டு வளரும். ரேந்தை என்னும் சொல்லே அலுமாரியும் சப்பாத்தும் வந்த வழியில், போர்த்துக்கேய மொழியிலிருந்து எம்மிடம் வந்ததாகும்.

எம் தமக்கையின் மகள், எமக்குப் பெறாமகள், உயர்தரப் பரீட்சை எழுதி முடித்துப் பெறுபேற்றை எதிர்பார்த்திருந்த மாதங்களில் இவ்வேலையைக் கற்றுக்கொண்டாள். கோடைக்கேற்ற மேற்சட்டை ஒன்றைப் பின்ன வேண்டுமென்பது அவளது அவா. நாம் கல்லூரியிற் கற்பிப்பது கணிதம்; ஊசி பிடிப்பதில் அவளுக்கு நாம் ஈடல்லோம். ஆயினும் மாதிரி வரைவதற்கு அவள் எம்மையே நாடினாள். கட்டத்தாளில் ஒரு சதுரம் வெறுமையாயின் வெளிக்கண், நிரப்பப்பட்டதாயின் மூடிய கண் என்று கொண்டால், பூவோ கொடியோ எதனையும் சதுரங்களால் வரைந்து நூலிற் கொணரலாம். புள்ளியிட்டுக் கோலம் போடத் தெரிந்த எவருக்கும் இது கடினமன்று.

பின்னத் தொடங்குமுன் நூலைத் தேர்தல் வேண்டும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் செயற்கை நூல் வியர்வையை உறிஞ்சாது. கச்சான் வெயிலில் அது குளிர்நாட்டுக் கம்பளிபோலவே வருத்தும். மினுக்கமுள்ள பருத்திநூலே ஏற்றது. அம்மினுக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. ஜோன் மேர்சர் என்னும் ஆங்கிலேயர் பருத்தியைக் காரநீரிலே தோய்த்து வலுவூட்டும் முறைக்கு 1850இல் உரிமம் பெற்றார். அவ்வாறு தோய்க்கும்போது நூலை இழுத்துப் பிடித்தால் பட்டுப்போல் ஒளிரும் என்பதை 1890 அளவில் ஹொறஸ் லோ கண்டறிந்தார். நூலின் பருமனுக்கு வழக்கமாகக் கொள்ளும் ஊசியைவிடச் சற்றுப் பெரிய ஊசியாற் பின்னினால் கண்கள் தளர்ந்து, துணி விறைக்காமல் மெல்லெனத் தொங்கும்.

அடுத்துச் செய்ய வேண்டியதைப் பலர் பொறுமையின்றி விட்டுவிடுவர். பத்துச் சென்ரிமீற்றருக்குக் குறையாத மாதிரித்துண்டு ஒன்றைப் பின்னி, கழுவி, உலர்த்தி, அதன் பின்னரே அளக்க வேண்டும். பெறாமகளின் துண்டிலே 10 சென்ரிமீற்றர் அகலத்துக்கு 20 கண்களும், அதே உயரத்துக்கு 10 வரிசைகளும் இருந்தன. மார்புச் சுற்றளவு 88 சென்ரிமீற்றர். காற்றுப் புக 8 கூட்டினால் 96. முன்பாகத்துக்கு அதிற் பாதி 48. ஆகவே ஒரு வரிசைக்கு 96 கண்கள். சட்டையின் உயரம் 54 சென்ரிமீற்றர். ஆகவே 54 வரிசைகள். ஒரு பாகத்துக்கு 5,184 கண்கள். முன்னும் பின்னுமாக 10,368. கழுத்துக்கு விடும் இடத்தால் இதிற் சில நூறு குறையும். கைப்பகுதியால் ஏறக்குறைய அவ்வளவும் மீண்டும் கூடும்.

எமது பழக்கதோஷம் எம்மை அத்துடன் நிற்கவிடவில்லை. அவள் பின்னும்போது மணிக்கூட்டைப் பார்த்தோம். வரிசை திருப்புவதும் கட்டத்தாளை நோக்குவதும் சேர்த்து, சராசரி நிமிடத்துக்கு எட்டுக் கண்கள். அவ்வாறாயின் 10,368 கண்களுக்கு 1,296 நிமிடங்கள், அதாவது 21 மணியும் 36 நிமிடமும். மாதிரித்துண்டு பின்னியது, பிசகிய வரிசைகளை அவிழ்த்தது, தோளையும் பக்கங்களையும் இணைத்தது, கழுத்தோரம் விசிறிபோல் மடிப்புக் கட்டியது ஆகியவற்றையும் சேர்க்க, ஏறத்தாழ 30 மணி நேரம் அச்சட்டைக்குள் அடங்கிற்று.

சட்டை அழகாகவே அமைந்தது. கண்டோர் மெச்சினர். கரையோரத்தில் சுற்றுலாப் பயணிகளுக்கு உடை விற்கும் வணிகர் ஒருவர், இதைப்போல் இன்னும் சில வேண்டும் என்று கேட்டனுப்பினார். அவர் குறித்த விலையோ நூலின் விலைக்குச் சற்று மேலாக இருந்தது, அவ்வளவே. காரணமும் சொல்லியனுப்பினார்: வீட்டிலிருந்தபடி பொழுதுபோக்காகப் பின்னுவதற்கு வேறென்ன கொடுப்பது?

எம் தமக்கைக்கு அதிற் குறையொன்றும் தோன்றவில்லை. “சும்மா இருக்கிற நேரத்திலை செய்ததுதானே பிள்ளை, குடுத்துவிடு” என்றார். பெறாமகள் உடனே ஒன்றும் சொல்லவில்லை. மாலையில் விறாந்தையில் எம் அருகே வந்திருந்து, “சின்னம்மா, சும்மா இருந்த நேரமெண்டால் அது ஆருடைய நேரம்?” என்று கேட்டாள். அக்கேள்வி எம்மைப் பல நாள் விடவில்லை.

டச்சுக்குடாக் கரையில் மாலை வேளைகளில் நாம் உலாவச் செல்வதுண்டு. அங்கே மர நிழலில் கடற்றொழிலாளர் வலை பொத்திக்கொண்டிருப்பர். கால்விரலில் வலையை மாட்டி, ஊசியில் நூலைச் சுற்றி, அறுந்த கண்ணைத் தேடி முடிச்சிடுவர். கதை பேசுவர், வெற்றிலை மெல்லுவர், இடையிடையே சிரிப்பர். ஆயினும் அவர்கள் சும்மா இருக்கிறார்கள் என்று ஊரில் ஒருவரும் சொல்வதில்லை. தொழில் செய்கிறார்கள் என்றே சொல்வர். அதுவே உண்மையும் ஆகும். வலை பொத்தாவிட்டால் மீன் இல்லை. வலைக்கும் சட்டைக்கும் உள்ள வேற்றுமை, வலையின் ஒவ்வொரு கண்ணும் முடிச்சால் நிற்பது, சட்டையின் கண் அடுத்த கண்ணால் நிற்பது என்பதுதான். கண்ணின் கூர்மையும் விரலின் பழக்கமும் முதுகின் நோவும் இரண்டிலும் ஒன்றே. அவ்வாறிருக்கக் கடற்கரையில் தொழில் எனப்படுவது விறாந்தைக்கு வந்ததும் பொழுதுபோக்கு எனப் பெயர் மாறுவது ஏன்?

வீட்டுக்குள் நடக்கும் வேலை கண்ணுக்குப் படுவதில்லை என்பதே விடை போலும். உலைக்கும் கிணற்றடிக்கும் இடையே துண்டு துண்டாகக் கிடைக்கும் நேரத்தில் அது செய்யப்படுகின்றது. தொடக்கமும் முடிவும் குறிக்கும் மணி அதற்கு இல்லை. மணி இல்லாத இடத்தில் கூலியும் இல்லையென்று உலகம் முடிவு செய்துவிடுகின்றது.

ஆயினும் இவ்வூசி குடும்பங்களைத் தாங்கிய வரலாறு சிறிதன்று. அயர்லாந்திலே 1845இல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் அழித்துப் பெரும் பஞ்சம் தலைப்பட்டபோது, கன்னியர் மடங்களிற் பெண்களுக்கும் சிறுவருக்கும் குறோசே கற்பிக்கப்பட்டது. அவர்கள் பின்னி விற்ற ரேந்தையால் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிந்தது. தென் திருவிதாங்கூரைச் சேர்ந்த நாகர்கோயிலில் இலண்டன் மிஷனைச் சார்ந்த மோல்ற் அம்மையார் 1820களிலே பெண்களுக்கு ரேந்தை பின்னப் பழக்கினார். அது தலையணைமேற் பின்னும் வகை. அடிமைகளாயிருந்த பெண்கள் சிலர் அவ்வேலையால் ஈட்டிய பணத்தைக் கொடுத்துத் தம்மை மீட்டுக்கொண்டனர் என்று மிஷன் வரலாறுகள் கூறும். கூலி ஒழுங்காகக் கொடுக்கப்பட்ட இடத்தில் ஒரு முழ ரேந்தை ஒரு மனுஷியின் விடுதலைக்கும் உதவிற்று என்பதை நாம் மறத்தலாகாது.

மறுபக்கமும் உண்டு. ஆந்திரத்திற் கோதாவரிக் கழிமுகத்திலுள்ள நர்சாபூர் குறோசேக்குப் பேர்போனது. கிறித்தவ மிஷனரிமார் வழியாக 19ஆம் நூற்றாண்டில் அங்கு பரவிய தொழில் இது. ஜேர்மானிய சமூகவியலாளர் மரியா மீஸ் அங்கு சென்று ஆராய்ந்து, தாம் கண்டதை 1982இல் நூலாக வெளியிட்டார். அப்பெண்கள் சமையலும் பிள்ளை வளர்ப்பும் போக, நாளிற் பல மணி நேரம் ஏற்றுமதிக்காகப் பின்னினர். ஆயினும் அவர்களை ஊரும் வணிகரும் தொழிலாளராகக் கருதவில்லை. ஓய்வு நேரத்தைப் பயன்படுத்தும் இல்லத்தரசியர் என்றே கருதினர். அந்த ஒரு பெயரைக் காட்டியே கூலி மிகக் குறைவாக வைக்கப்பட்டது. இலாபம் இடைநின்றோர் கைக்குப் போயிற்று. எம்மூர் வணிகர் சொல்லியனுப்பிய காரணத்தை நர்சாபூரில் எவரோ முன்னரே சொல்லி வைத்திருக்கின்றார்.

இவ்விடத்தில் வாசகர் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. நெசவுக்கு இயந்திரம் உண்டு. இரண்டு ஊசிகளாற் பின்னும் கம்பளிப் பின்னலுக்கும் இயந்திரம் உண்டு. ஆனால் கொக்கியூசியாற் பின்னும் குறோசேயைக் கைபோலவே பின்னித் தரும் இயந்திரம் தொழிற்சாலைகளில் இன்னும் வழக்குக்கு வரவில்லை. குறோசே என்ற பெயரில் விற்கப்படும் இயந்திரத் துணி, பார்வைக்கு அதனை ஒத்த வேறொரு பின்னலே. ஆகவே உண்மையான குறோசேச் சட்டை உலகின் எந்தக் கடையில் எவ்வளவு மலிவாகத் தொங்கினாலும், அதன் ஒவ்வொரு கண்ணையும் எங்கோ ஒருவர் கையாற் பின்னியிருக்கின்றார். விலை குறைந்தால், குறைந்தது பெரும்பாலும் அக்கையின் கூலியே.

இது எம் மாவட்டத்துக்குத் தூரத்துச் செய்தி அன்று. 2004ஆம் ஆண்டு மார்கழியில் வந்த ஆழிப்பேரலையும், 2009இல் முடிவுற்ற போரும் இக்கரையிற் பல வீடுகளை உழைக்கும் ஆண்மகன் இல்லாத வீடுகளாக்கிவிட்டன. அவ்வீடுகளில் தையலும் பின்னலும் பொழுதுபோக்கல்ல. அரிசியும் பிள்ளையின் பள்ளிச் செலவும் ஆகும். வசதியுள்ள வீட்டுப் பெண் தன் சட்டையை நூல் விலைக்கே விட்டுக்கொடுத்தால், அதனை நம்பி வாழும் அயல்வீட்டுப் பெண்ணின் விலையும் அன்றே விழுந்துவிடும். பெறாமகள் இதனை எம்மிலும் விரைவாக உணர்ந்தாள்.

அயலில் பின்னத் தெரிந்த மூவரைச் சேர்த்துக்கொண்டு அவள் ஓர் அப்பியாசக் கொப்பி வாங்கினாள். எந்தச் சட்டைக்கு எவ்வளவு நூல், எத்தனை மணி என்று நால்வரும் அன்றன்று எழுதினர். நூலின் விலையோடு மணிக்கு இவ்வளவு என்று கூட்டி, அதற்குக் கீழே ஒருவரும் விற்பதில்லை என்று உடன்பட்டனர். சட்டையோடு சிறு கடதாசித் துண்டொன்றைக் கட்டி, பின்ன எடுத்த மணி நேரத்தை அதில் எழுதி வைத்தனர். அவ்வணிகர் திரும்பி வரவில்லை. ஆயினும் இரண்டு சட்டைகள் குறித்த விலைக்கே போயின. ஒன்று இன்னும் அலுமாரியில் இருக்கின்றது. வாங்க வந்தவர்கள் பேரம் பேசாமலில்லை. ஆனால் அத்துண்டைப் படித்த பின்னர் நூலின் விலையைக் காட்டிப் பேசிய ஒருவரையும் நாம் காணவில்லை. எம் தமக்கையும் இப்போது, “பிள்ளை வேலையாய் இருக்கிறாள்” என்று அயலாருக்குச் சொல்லக் கேட்கின்றோம்.

இத்தகைய சட்டை உங்கள் வீட்டில் இருந்தால் ஓரிரு வார்த்தை. கையால் மெல்லக் கழுவுங்கள், முறுக்கிப் பிழியாதீர்கள். கொடியிலே தொங்கவிட்டால் நீரின் பாரத்தால் நீண்டுவிடும். துவாயின்மேல் விரித்து நிழலில் உலர்த்துங்கள். எங்கேனும் நூல் அறுந்தால் அதை இழுக்காமல் அன்றே ஊசியாற் கட்டிவிடுங்கள்.

மாணவர்க்கு ஒரு கணக்கையும் விட்டுச் செல்கின்றோம். உங்கள் அன்னையோ சின்னம்மாவோ அம்மம்மாவோ பின்னிய மேசைவிரிப்பு ஒன்று வீட்டில் இருக்கக்கூடும். பத்துச் சென்ரிமீற்றரில் எத்தனை கண்கள், எத்தனை வரிசைகள் என எண்ணுங்கள். நீள அகலத்தால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு எட்டு என்று வகுத்து மணியாக்குங்கள். வரும் விடையை உரியவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். அவர் சிரித்துவிட்டு, “அது சும்மா இருந்த நேரம்” என்பார். அப்போது அவரை மறுத்துச் சொல்ல உங்கள் கையில் ஓர் எண் இருக்கும்.