டி.வி.யை நிமிர்த்திய கதை

போனில் எடுக்கிற வீடியோ நின்றுகொண்டிருக்கும், டி.வி. படுத்துக்கொண்டிருக்கும். ஒன்றை இன்னொன்றில் போட்டால் நடுவில் ஒரு பட்டை, இருபுறமும் கறுப்பு. 16:9 திரையில் அந்தப் பட்டை பிடிக்கும் இடம் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மீதியெல்லாம் காசு கொடுத்து வாங்கிய இருட்டு!

திருச்சி உறையூரில் ஒரு வீடு. 63 வயது அம்மா, கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும் மகன். மகள் மஸ்கட்டில், அவளுக்கு ஒரு வயது நிறையப்போகும் பையன். அம்மாவுக்கு ஒரு கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது, இன்னொன்று பாக்கி. போனில் பேரன் சரியாகத் தெரியவில்லை என்பதால், ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலை மகன் ஹாலில் இருந்த 43 இன்ச் டி.வி.யில் போட்டுக் காட்டினான்.

"என்னடா, பொறந்தப்ப பார்த்த அளவுலயே இருக்கான்?" என்றார் அம்மா.

கணக்குப் போட்டால் அவர் சொன்னது சரிதான். அந்த டி.வி.யின் உயரம் சுமார் 53 செ.மீ. தலையிலிருந்து கால்வரை தெரிய வேண்டுமானால் பையன் அதற்குள் அடங்கியாக வேண்டும். பிறந்த குழந்தையின் நீளம் சுமார் 50 செ.மீ. ஒரு வயதில் அது 75-ஐத் தொடும். டி.வி.யை நிமிர்த்தி வைத்தால் உயரம் 95 செ.மீ. பையன் தன் சொந்த அளவில் நிற்கலாம்.

"அக்காவை போனைப் படுக்க வச்சுப் பிடிக்கச் சொல்லேன்" என்றார் பக்கத்து வீட்டு மாமா. திரை நிறையும், வாஸ்தவம். நிற்கிற பையன் மட்டும் அதே 53-க்குள்தான். தவிர, அக்காவின் ஒரு கையில் போன், மறு கையில் அவன் விரல். போனைத் திருப்ப எந்தக் கை?

தானே நிமிரும் டி.வி.யும் உண்டு. சாம்சங் 2019-ல் கொரியாவில் 'செரோ' என்று ஒன்றை விற்பனைக்கு விட்டது. கொரிய மொழியில் 'செங்குத்து' என்று பொருள். ஆனால் நன்றாக ஓடுகிற டி.வி.யை ஓரங்கட்டிவிட்டு இன்னொன்று வாங்கும் வீடல்ல இது. மகன் 90 டிகிரி திரும்பும் பிராக்கெட்டாகத் தேடி வாங்கினான். ('திரும்பும்' என்று விற்கிற பலவும் கோணலைச் சரிசெய்யக் கொஞ்சம் அசையும், அவ்வளவுதான்.) பின்பக்கத் திருகு ஓட்டைகள் 200-க்கு 200 மி.மீ. சதுரமாக இருந்ததால் பொருத்துவது சுலபமாயிற்று. வயர்களைக் கொஞ்சம் தளர்த்தி விட்டான். சூடான காற்று வெளியேறும் துளைகள் டி.வி. படுத்திருப்பதற்காக அமைத்தவை என்பதால், பேசி முடித்ததும் பழையபடி திருப்பிவிடுவது என்று முடிவு. கிரிக்கெட்டுக்கும் அதுதானே வசதி!

திருப்பும்போது மூலைகள் பெரிய வட்டம் போடும். நடுவிலிருந்து சுற்றிலும் 55 செ.மீ. காலியாக இருக்க வேண்டும். டி.வி.க்கு மேலே ஒரு சாண் இடைவெளியில் அப்பாவின் படம். மகன் தயங்கினான்.

"தள்ளி மாட்டுடா. அவர் இருந்திருந்தா முதல்ல ஸ்க்ரூ டிரைவர் எடுத்திருப்பார்."

டி.வி. திரும்பியது. படம் திரும்பவில்லை! பேரன் பட்டைக்குள் பக்கவாட்டில் படுத்திருந்தான். டி.வி. செட்டிங்ஸில் அதற்கு வழியே இல்லை. கடைசியில் லேப்டாப்பை எச்.டி.எம்.ஐ. வயரில் இணைத்து, டிஸ்ப்ளே செட்டிங்கில் 'போர்ட்ரெய்ட்' கொடுத்தான். முதலில் தலைகீழாக வந்தது. அடுத்த ஆப்ஷனில் நிமிர்ந்தது.

அடுத்த ஞாயிறு அழைப்பு லேப்டாப்புக்கே வந்தது. மகள் சோபாமேல் எதிலோ போனைச் சாய்த்து வைத்துவிட்டுப் பையனை எதிரே நிறுத்தினாள். திரையின் அடியில் பாதம், உச்சியில் சுருள்முடி. மூன்று எட்டு வைத்தவன், தொப்பென்று உட்கார்ந்தான்.

"நிக்க வைடி, அசையாம."

அம்மா எழுந்துபோய்த் திரையில் கையை வைத்தார். பாதத்திலிருந்து சாண் சாணாக மேலே போனார்.

"மூணே முக்கால்" என்றார். "நீ இந்த வயசுல மூணரைதான் இருந்தே."