நீலம் எங்கே இருந்தது?

திண்டிவனம், விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களில் இன்றும் அவுரி விளைகிறது. வயலில் பார்த்தால் வெறும் பச்சைச் செடி. இதற்குள் நீலம் இருக்கிறது என்று யாராவது சத்தியம் செய்தாலும் நம்ப வேண்டாம்; இலையில் நீலம் கிடையாது. இருப்பது இண்டிகன் என்ற நிறமில்லாத பொருள்.

இலையைத் தொட்டியில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரை இன்னொரு தொட்டிக்கு இறக்கி, ஆட்கள் உள்ளே நின்று காலால் உதைத்துக் கலக்குவார்கள். பச்சையும் மஞ்சளுமாகக் கிடந்த தண்ணீரில் காற்றுச் சேரச் சேர, முதலில் நுரை நீலமாகும். பிறகு தொட்டியே கருநீலமாகும். அடியில் படிவதைக் காய்ச்சி வடிகட்டி, கட்டியாக வெட்டிக் காயவைப்பார்கள்.

இலையில் இல்லாத அந்த நீலம் எங்கிருந்து வந்தது? நீலத்தைத் திருப்பி அனுப்பும் பொருள் நீலமாகத் தெரியும் என்று பள்ளிக்கூடத்தில் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். தப்பில்லை, ஆனால் சுவாரசியமெல்லாம் பொருள் எதை விழுங்குகிறது என்பதில்தான். கண்ணுக்குத் தெரியும் ஒளி சுமார் 400 முதல் 700 நானோமீட்டர் வரை. ஊறிய இலையின் இண்டிகனிலிருந்து, காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டு உருவாகும் இண்டிகோ மூலக்கூறு, 600 நானோமீட்டரை ஒட்டிய ஆரஞ்சு, சிவப்பு ஒளியை விழுங்கி வெப்பமாக மாற்றிவிடுகிறது. மிச்சம்தான் நாம் பார்க்கும் நீலம். துணிக்குச் சாயமேற்ற அந்த இண்டிகோவையே வேதிமாற்றம் செய்து கரைத்தால் மறுபடி மஞ்சட்பச்சை! முக்கியெடுத்த துணி அந்த நிறத்தில்தான் வெளியே வரும். காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாகும். வெயில் அதேதான், மாறியது மூலக்கூறு.

அந்த மூலக்கூறின் அமைப்பை அடால்ஃப் ஃபான் பேயர் 1883இல் கண்டறிந்தார். 1897இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் செயற்கை இண்டிகோவைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இலையில் வந்ததோ ஆலையில் வந்ததோ, மூலக்கூறு ஒன்றே. கண்ணுக்கு எப்படி வித்தியாசம் தெரியும்? திண்டிவனம், விழுப்புரம் பக்கத்து அவுரி நொடித்துப்போக அந்தச் செயற்கை இண்டிகோவும் காரணம்.

இதுவரை சொன்னது நிறத்தில் பொருளின் பங்கு. விளக்கின் பங்கை ஜவுளிக்கடையில் பார்க்கலாம். எங்கள் வீட்டுப் பெண்கள் புடவையை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிரித்துப் பார்க்காமல் வாங்கமாட்டார்கள். கடைக்காரர் அலுத்துக்கொள்வார். ஆனால் விஞ்ஞானம் பெண்கள் பக்கம். நெடுஞ்சாலையில் முன்பிருந்த மஞ்சள் சோடியம் விளக்கில் நீலச் சட்டை கிட்டத்தட்டக் கறுப்பு. திருப்பி அனுப்ப அந்த விளக்கில் நீலம் மிகச் சொற்பம். இப்போதைய எல்.இ.டி. நீல ஒளியிலிருந்தே வெள்ளையை உண்டாக்குவதால் அதில் நீலத்துக்குப் பஞ்சமில்லை. மலிவான விளக்குகளில் சோடைபோவது ஆழ்ந்த சிவப்புத்தான். அரக்குப் புடவை எடுப்பவர்கள் வாசல்வரை நடந்தே ஆக வேண்டும்.