கடைசிக் கொட்டை

எங்கள் வீட்டுச் சீட்டுக்கட்டில் கலாவரை எட்டு இல்லை. ஐந்தை எடுத்து மூலையில் நீலப் பேனையால் 8 என்று எழுதி, அதையே எட்டாக ஆடினோம். முந்நூற்றிநாலில் எட்டுக்குப் பெறுமதி பூச்சியம் என்பதால் யாரும் குறை சொன்னதில்லை. மற்றச் சீட்டுகளும் பெரிய சுகமில்லை. வியர்வை ஊறி, ஓரம் பஞ்சாகி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பொருளாதாரத் தடைக் காலத்தில் பவுடருக்கு எங்கே போவது? அப்பு திருநீற்றைத் தடவித் துடைப்பார். ஆச்சி குசினிக்குள் இருந்தபடியே ஏசுவா.

1996 ஆடிக் கடைசியில் சத்ஜய இராணுவ நடவடிக்கை தொடங்க, கிளிநொச்சிச் சனம் முழுக்க எழும்பி எங்கள் பக்கம் வந்தது. அதற்கு முந்தின வருட ஐப்பசியில் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டவர்களும் அதற்குள் இருந்தார்கள். கிளிநொச்சி ஆஸ்பத்திரியே அக்கராயனுக்கு வந்துவிட்டது. எங்கள் ஸ்கந்தபுரத்தில் வேலியோரம், பாலை மரத்தடி, பள்ளிக்கூட வளவு எங்கும் கிடுகுக் கொட்டில்கள். எங்கள் வளவில் மட்டும் நாலு குடும்பம். பின்னேரமானால் ஆம்பிளைகளுக்குச் செய்ய வேலை இல்லை, போக இடம் இல்லை. அப்பு முற்றத்தில் சாக்கை விரிப்பார்.

தெரியாதவர்களுக்காக ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். ஏழுக்குக் கீழே உள்ளவற்றைக் கழித்தால் 32 சீட்டு. நாலு பேர், எதிரெதிரே இருப்பவர்கள் ஒரு பக்கம். ராசா ராணியை விட ஜாக்குக்குத்தான் இங்கே மரியாதை. ஜாக் 30, ஒன்பது 20, ஆஸ் 11, பத்து 10, ராசா 3, ராணி 2. ஒரு சாதிக்கு 76, நாலு சாதிக்கும் சேர்த்து 304. முதலில் ஆளுக்கு நாலு சீட்டுத்தான் வரும். அந்த நாலை மட்டும் பார்த்துக் கேள்வி கேட்க வேண்டும், 160 இலிருந்து பத்துப் பத்தாக. கூடக் கேட்டவர் ஒரு சீட்டைக் குப்புற வைப்பார், அதுதான் துரும்பு. மிச்ச நாலு சீட்டும் அதற்குப் பிறகுதான்.

காசு வைப்பதில்லை, புளியங்கொட்டைதான். பக்கத்துக்குப் பத்து. கேட்டு வென்றால் எதிர்ப்பக்கம் ஒரு கொட்டை தரும். கேட்டுத் தோற்றால் இரண்டு கொடுக்க வேண்டும். இருநூறோ அதற்கு மேலோ கேட்டால் அது இரண்டும் மூன்றுமாகும். கொட்டை முடிந்த சோடி எழும்ப, காத்திருக்கும் சோடி இருக்கும். சாக்கைச் சுற்றி எப்போதும் ஆட்கள் காத்திருந்ததால் எழும்பினால் அன்றைக்கு மறுபடி இருக்கக் கிடைக்காது. அதனாலேயே கடைசி இரண்டு மூன்று கொட்டைகளில் ஆட்டம் வேறு மாதிரி ஆகிவிடும்.

என் வேலை விளக்குப் பார்ப்பது. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு, அது நனையுமளவுக்கு மண்ணெண்ணெய், விரல் நுனியளவு சுடர். அந்த வெளிச்சத்தில் கறுப்பும் சிவப்பும் பிரியும். ஆட்டினையும் டயமனையும் பிரிக்கக் கண்ணைச் சுருக்க வேண்டும். கவிழ்த்த உரலின் மேல் போத்தலை வைத்துவிட்டு, திரி கருகினால் தட்டிவிடுவதற்காக யாராவது ஒருவரின் முதுகுக்குப் பின்னால் இருப்பேன். அப்படித்தான் எல்லாருடைய கையையும் பார்த்தேன். "விளக்குக்காரர் மூஞ்சையைத் தூக்கிப்போட்டு இருக்க வேணும்" என்று அப்பு சொல்லிவைத்திருந்தார். நல்ல கையைக் கண்டதும் நான் சிரித்துவிட்டால் எதிர்ப்பக்கம் அதைப் பார்த்தே கேள்வியை நிறுத்திவிடும்.

அப்புவின் சோடி மாஸ்டர், யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த கணக்கு வாத்தியார். இரண்டு பேருக்கும் எதிலும் ஒத்துப்போகாது. அப்பு ஜாக்கைக் கண்டால் கேட்பார். மாஸ்டர் நல்ல கை வந்தால் சாரத்தைச் சரிசெய்து, தொண்டையைச் செருமி, "இல்லை" என்பார். அவருடைய கணக்கு சுத்தமானது: "கேட்டு வெண்டால் ஒரு கொட்டை. கேட்டவனை விழுத்தினால் ரெண்டு. பிறகேன் நான் கேக்கிறன்?" ஜாக்கும் ஒன்பதும் மாஸ்டரிடம் இருப்பது தெரியாமல் எதிர்ப்பக்கத்துச் சின்னையா 170, 180 என்று ஏற, மாஸ்டர் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்தச் சாதி சாக்குக்கு வரும் வரை ஜாக்கை இறக்க மாட்டார். எதிராளியின் ஆஸும் பத்தும் விழும் பிடியாகப் பார்த்து அள்ளுவார். அப்படி அள்ளிய இரவுகள் நிறைய.

ஆனால் சில இரவுகளில் அதே வித்தை நாறிப்போகும். ஏன் என்று அப்புதான் எனக்குக் காட்டினார், அடுத்த நாள் காலை, வாய்க்கால் கட்டில் இருந்து எட்டுக் கல்லை அடுக்கி. ஒரு சாதிக்கு எட்டுச் சீட்டு. ஜாக், ஒன்பது என்று இரண்டு மட்டும் உன்னிடம் இருந்தால் மிச்சம் ஆறு மற்ற மூன்று பேரிடம். எல்லாரிடமும் ஒன்றிரண்டு இருக்கும், போட்டேயாக வேண்டும், உன் ஜாக் தப்பும். அந்தச் சாதியில் நாலு உன்னிடமே வந்துவிட்டால் மிச்சம் நாலுதான். யாரோ ஒருவரிடம் அந்தச் சாதி இல்லாமல் போகக்கூடும், அவர் வெட்டுவார். "வடிவான நீளக் கையைத்தான் சனம் பதுக்கும். அதைப் பதுக்கப்படாது. அதைத் துரும்பாக்கிப்போட வேணும்" என்றார் அப்பு. பார்வைக்குக் குறைவான கையைப் பதுக்கலாம், பார்வைக்குச் சிறந்த கையைப் பதுக்கக்கூடாது என்ற இந்தத் தலைகீழ் நியாயம் எனக்கு அப்போது மந்திரம் போல இருந்தது.

கடைசி வரை பதுக்குவதை ஆட்டமே விடாது. எட்டுப் பிடியும் தன் பக்கம்தான் என்று கையைப் பார்த்தே தெரிந்தவர் உரிய நேரத்தில் "கம்மாரிஸ்" சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் மெல்ல மெல்ல அள்ளி முடித்தால் அது தோல்வி.

பல வருடங்களுக்குப் பிறகு போக்கர் போட்டிகளைப் பார்த்தபோது, பதுக்குவதா கேட்பதா என்ற இதே வழக்கு அங்கேயும் நடப்பதைக் கண்டேன். தொடக்கத்திலேயே இரண்டு ஆஸ் வந்தவர், ஏதோ கிடைத்த சீட்டோடு இருக்கும் ஒருவரைக் கடைசி வரை எதிர்த்தால் நூறில் 85 தரம் வெல்வார். பதுங்கி, மலிவாக நாலு பேரை உள்ளே விட்டால் அது 56 அளவுக்கு இறங்கிவிடும். 1988 இல் லாஸ் வேகஸில் உலகத் தொடரின் கடைசிக் கை இன்றைக்கும் பேசப்படுவது. ஜானி சானிடம் இருந்தவை கலாவரை ஜாக்கும் ஒன்பதும்; எங்கள் ஆட்டத்தில் ஒரு சாதியின் தலைச்சீட்டுகள் இரண்டும்! மேசையில் விழுந்த எட்டு, பத்து, ராணியோடு அவை வரிசையாகிவிட்டன. சான் அசையவில்லை. எதிரே எரிக் சைடல், ராணிச் சோடியை நம்பி இருந்ததெல்லாம் வைத்தார். மாஸ்டர் கைதட்டியிருப்பார். அப்பு, "ரெண்டு பேர்தானே இருந்தவை, வெட்ட ஆர் மூண்டாம் ஆள்?" என்றிருப்பார்.

எங்கள் சாக்கின் மேல் நடந்த மறக்க முடியாத கை அப்படி முடியவில்லை. எங்கள் பக்கம் ஒரேயொரு கொட்டை. நான் மாஸ்டருக்குப் பின்னால். இஸ்கோப்பன் ஜாக், ஒன்பது, ஆஸ். கூட டயமன் பத்து. மூஞ்சையைத் தூக்கிப்போட்டு இருந்தேன். மாஸ்டர் செருமினார். "இல்லை." சின்னையா 160 கேட்டார். அப்புவின் கையில் ஒன்றுமில்லை, அவரும் இல்லை. துரும்பு குப்புறப் போனது. அடுத்த நாலில் மாஸ்டருக்கு இஸ்கோப்பன் ராசாவும் வந்தது. எனக்கு வாய்க்கால் கட்டுக் கற்கள் கண்ணில் வந்தன. ஒரு பிடி எடுத்ததும் மாஸ்டர் இஸ்கோப்பன் ஜாக்கைச் சாக்கில் அறைந்தார். சின்னையாவின் சோடி லொறிக்கார மாமா, இஸ்கோப்பன் இல்லாமல், ஒரு சீட்டைக் குப்புறப் போட்டார். சின்னையா எடுத்துப் பார்த்தார், சிரித்தார், துரும்பைத் திருப்பினார். முப்பதும் போனது.

எழும்பும்போது அப்பு சொன்னார்: "ரெண்டு கொட்டை இருக்கேக்க பதுங்கலாம் மாஸ்டர். ஒண்டில என்ன பதுங்கல்?"

உண்மைதான். இரண்டு கொட்டை இருந்தால், எதிராளி 160 கேட்டு வென்றாலும் ஒன்று மிஞ்சும்; நாமே கேட்டு விழுந்தால்தான் இரண்டும் போகும். ஆகவே காத்திருக்கலாம். ஒன்றே இருக்கும்போது அவன் வென்றாலும் எழும்ப வேண்டும், நாம் விழுந்தாலும் எழும்ப வேண்டும். பிறகு அந்தக் கேள்வியை அவனுக்கு ஏன் விட்டுக்கொடுப்பது?

மாஸ்டர் இப்போது ஸ்காபரோவில். பழைய மாணவர்கள் வைக்கும் 304 போட்டிகளுக்கு இன்றும் போகிறார். போன மாதம் தொலைபேசியில் அந்தக் கையை எடுத்தேன்.

"முதல் இஸ்கோப்பனுக்கே வெட்டு விழுமெண்டு ஆருக்குத் தெரியும்?" என்றார்.

"அப்புவெண்டால் கேட்டிருப்பார், மாஸ்டர்."

"கேட்டிருப்பார்! இருநூறு கேட்டு விழுந்துபோட்டு, மிச்ச ரெண்டு கொட்டையையும் கடன் சொல்லிப்போட்டு எழும்பியிருப்பார், உம்மட அப்பு."