4096 பைட்டுகளில் ஓர் ஆறு

நுழையும்முன்

கணினித் திரையில் படம் வரைவது இன்று விரலசைவில் முடிந்துவிடும் செயல். ஒவ்வொரு படப்புள்ளிக்கும் நினைவகத்தில் ஓர் இடம் உண்டு. அவ்விடத்தை நிரப்பினால் போதும். எஞ்சிய வேலையைக் கணினியே பார்த்துக்கொள்கிறது. அத்தகைய இடமே இல்லாத பொறி ஒன்றில், அசெம்பிளி மொழியைக் கொண்டு ஓர் ஆற்றை ஓடவிட்ட பெண் ஒருவரின் உழைப்பை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

இடமில்லாத பொறி

வீட்டுத் தொலைக்காட்சியுடன் இணைத்து விளையாடும் பொறி ஒன்றை அமெரிக்காவின் அடாரி நிறுவனம் 1977ஆம் ஆண்டு விற்பனைக்குக் கொண்டுவந்தது. பின்னாளில் ‘அடாரி 2600’ என்று பெயர்பெற்ற அப்பொறியின் நினைவகம் 128 பைட்டுகள் மட்டுமே. தமிழ் எழுத்துகளைக் கணினி இன்று சேமிக்கும் முறையில், நடுத்தர நீளமுள்ள ஒரு வாக்கியம்கூட அதில் அடங்காது.

அதன் திரைப்படமோ குறுக்கே 160 புள்ளிகளும் நெடுக்கே 192 வரிகளும் கொண்டது. மொத்தம் 30,720 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒளிர்கிறதா, இல்லையா என்பதை மட்டும் ஒரு பிட்டில் குறித்துவைத்தாலும் 3,840 பைட்டுகள் வேண்டும். இருந்ததோ அதில் முப்பதில் ஒரு பங்கு. ஆட்டக்காரரின் புள்ளிக்கணக்கு, எதிரிகளின் இருப்பிடம், எஞ்சிய எரிபொருள் ஆகியவற்றுக்கும் அதே சிற்றிடத்தில்தான் பங்கு தரவேண்டும். ஆகவே, படத்தை முன்கூட்டி வரைந்துவைக்க வழியில்லை. அது தோன்றவேண்டிய கணத்திலேயே வரையப்பட வேண்டும்.

கற்றையோடு ஓடுதல்

அக்காலத் தொலைக்காட்சியின் கண்ணாடிக் குழாய்க்குள் மின்னணுக் கற்றை ஒன்று இடமிருந்து வலமாக ஒரு வரியை வரையும். பின்னர் இடப்பக்கம் திரும்பி அடுத்த வரியைத் தொடங்கும். இவ்வாறு மேலிருந்து கீழ்வரை ஒரு முறை சென்று முடிக்க, ஒரு நொடியின் அறுபதில் ஒரு பங்கு நேரமே ஆகும். ஒரு வரிக்குரிய நேரத்தில் அப்பொறியின் செயலி 76 முறை துடிக்கும். படம் வரைவோருக்குக் கிடைத்த கால அளவு அவ்வளவே.

அசெம்பிளி மொழியில் ஒரு கட்டளை, செயலியின் ஒரு செயலுக்கு நேராக நிற்கும். எந்தக் கட்டளைக்கு எத்தனை துடிப்பு என்பது முன்பே வரையறுக்கப்பட்டிருக்கும். ஓர் எண்ணைச் செயலிக்குள் எடுக்க 2 துடிப்பு. அதைப் படம் வரையும் சில்லின் பதிவகத்தில் வைக்க 3 துடிப்பு. ஆக, ஒரு வரிக்குள் எடுத்துவைக்கக்கூடிய எண்கள் பதினைந்தே.

வரையப்படும் உருவமும் எண்தான். 00011000 என்னும் எட்டு பிட்டுகளை ஒரு வரியில் வைத்தால் நடுவில் இரண்டு புள்ளிகள் ஒளிரும். அடுத்த வரியில் 00111100, அதற்கடுத்து 01111110 என வைத்துக்கொண்டே போனால் ஒரு வானூர்தியின் மூக்கும் தோளும் தோன்றும். எனினும், அந்த எண் உரிய நேரத்தில் உரிய பதிவகத்தை அடைய வேண்டும். தறியில் இழை அறுந்தால் நெசவாளர் தறியை நிறுத்தி முடிச்சிட்டுத் தொடரலாம். கற்றை எவருக்காகவும் நிற்பதில்லை. செயலி ஒரு முறை துடிப்பதற்குள் அது மூன்று புள்ளிகளைக் கடந்துவிடும். எழுதுபவர் ஒரு துடிப்பைத் தவறாக எண்ணினாலும் படம் சிதையும்.

கேரல் ஷா

இத்தகைய கணக்குகளைத் தொழிலாகக் கொண்டோரில் ஒருவர் கேரல் ஷா. 1955இல் பிறந்த அவர், பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் பயின்றார். 1978இல் அடாரி நிறுவனத்தில் சேர்ந்தார். கணினி விளையாட்டுகளை உருவாக்குவதைத் தொழிலாக மேற்கொண்ட முதல் பெண்களுள் ஒருவராக அவர் கருதப்படுகிறார்.

விளையாட்டை உருவாக்கியவரின் பெயரை வெளியிடும் வழக்கம் அன்று அத்துறையில் வேரூன்றவில்லை. தம் உழைப்புக்குரிய ஏற்பு கிடைக்காததை ஒப்பாத நிரலாளர் நால்வர் அடாரியிலிருந்து வெளியேறி, 1979இல் ஆக்டிவிஷன் நிறுவனம் தோன்றக் காரணமாயினர். பின்னர் அந்நிறுவனத்தில் சேர்ந்த ஷா, 1982இல் ‘ரிவர் ரெய்டு’ என்னும் விளையாட்டைப் படைத்தார்.

விதைக்குள் ஆறு

ஆற்றின்மீது பறக்கும் வானூர்தியை, கரையில் மோதாமலும் எரிபொருள் தீராமலும் செலுத்துவதே அவ்விளையாட்டு. வானூர்தி முன்னேறுவதுபோல் தோன்றினாலும், உண்மையில் அது திரையின் அடிப்பகுதியிலேயே நிற்கிறது. ஆறுதான் கீழ்நோக்கி நகர்கிறது. அந்த ஆறோ விரிந்தும் சுருங்கியும் இடையே தீவுகளைச் சூழ்ந்தும் நெடுந்தொலைவு நீள்கிறது. நிரலும் படங்களும் ஒலியும் சேர்ந்து அடங்கவேண்டிய கார்ட்ரிட்ஜின் கொள்ளளவு 4096 பைட்டுகள். அவ்வளவு நீண்ட ஆற்றை அதற்குள் வரைந்துவைக்க இயலாது.

ஷா ஆற்றைச் சேமிக்கவில்லை. ஆற்றை உண்டாக்கும் விதியைச் சேமித்தார். அவ்விதியின் அடிப்படையைத் தாளிலேயே செய்து பார்க்கலாம். 1000 என்று நான்கு பிட்டுகளை எழுதுக. கடைசி இரண்டு பிட்டுகளும் ஒத்திருந்தால் 0, வேறுபட்டால் 1 என ஒரு புதிய பிட்டைப் பெறுக. எல்லாவற்றையும் வலப்பக்கம் ஓரிடம் நகர்த்தி, கடைசிப் பிட்டை விட்டுவிட்டு, புதியதை இடப்பக்கம் சேர்க்க. 1000, 0100, 0010, 1001, 1100 என எண்கள் பிறந்துகொண்டே போகும். பதினைந்து வெவ்வேறு எண்களுக்குப் பிறகுதான் முதல் எண் திரும்ப வரும்.

ஷா இம்முறையை 16 பிட் எண்ணில் கையாண்டார். அவ்வெண்ணுக்குத் தேவைப்படும் இடம் இரண்டே பைட்டுகள். அதிலிருந்து பிறக்கும் எண்களே கரை எங்கு வளையவேண்டும், எதிரி எங்கு நிற்கவேண்டும் என்பவற்றை முடிவுசெய்தன. பொறியின் குறைபாடு ஒன்றும் இங்கே துணைக்கு வந்தது. பின்னணிப் படத்தில் திரையின் ஒரு பாதிக்கு 20 பிட்டுகளே உண்டு. மறுபாதியில் அதையே மீண்டும் காட்டலாம், அல்லது கண்ணாடிப் பிம்பம்போல் திருப்பிக் காட்டலாம். ஆற்றுக்கு இரு கரைகள் உண்டல்லவா? ஒரு கரையை வரைந்தால் மறுகரை தானே எழுந்தது.

இன்றைய நிரலாளர்களுள் பலர் துடிப்புகளை எண்ணுவதில்லை. எண்ணவேண்டிய தேவையும் அவர்களுக்கு அரிது. ஆயினும், இருப்பதை இம்மியும் பிசகாமல் அறிந்திருந்ததால்தான், இருப்பதைவிடப் பெரிதான ஒன்றை அவரால் படைக்க முடிந்தது. 2017இல் ஷா தம் பணி சார்ந்த ஆவணங்களை அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரிலுள்ள விளையாட்டு அருங்காட்சியகத்துக்கு வழங்கினார். அவ்வாண்டே அத்துறையின் உயரிய விருதொன்றும் அவரைத் தேடி வந்தது.

தொடக்க எண் மாறாததால் அந்த ஆறும் மாறவில்லை. பழைய கார்ட்ரிட்ஜை இன்று எவர் பொருத்தினாலும், 1982இல் வளைந்த அதே இடங்களில் அது வளைந்து ஓடுகிறது.